மெயில் வந்தால் மணி அடிக்கணும்

லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருக்கும் சந்தில் மாவு ராஜி வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். ராஜேஸ்வரி என்று முழுப்பெயர் சொல்லிக் கேட்டால் முழிப்பார்கள். அவளுக்கே அது ரேஷன் கார்டில் பார்த்தால்தான் ஞாபகம் வரும். அப்பா அரக்கோணத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவர். அவள் பிறந்தது இங்கே, ரயில்வே ஸ்கூலில் பத்தாவது வரை படித்தது இங்கே, அதே ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்த இளங்கோவனுக்குக் கழுத்தை நீட்டியதும் இங்கேதான். விடிந்தால் இரண்டு கிரைண்டர் ஓடும். மத்தியானத்துக்குள் இட்லி மாவுப் பொட்டலங்கள் ஆட்டோ ஏறிச் சைனிக்புரிப் பக்கம் போய்விடும். அங்கே ரிட்டயரான ராணுவத்துக்காரர்கள் வீட்டிலெல்லாம் அவள் மாவில்தான் தோசை.

அந்த வாடிக்கைக்காரர்களின் நம்பரை அவள் போனில் வைத்திருக்கும் அழகைப் பார்க்க வேண்டும். பெயர் போட்டு வைக்கிற வழக்கமே கிடையாது. ஒருவர் ‘கர்னல் வீட்டு நாய்’. இன்னொரு அம்மாள் ‘சில்லறை தராத மேடம்’. ஒருத்தி வெறும் ‘மூணாவது மாடி’. ஆளை ஞாபகம் வைக்க எது தோன்றுகிறதோ அதைப் போடுவாள். யாராவது போனை எட்டிப் பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்று இளங்கோவன் சொல்வான். அவளுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. சாவுச் சேதி எதையும் போனில் தங்க விடமாட்டாள். கார்டில் சேதி வந்த காலத்தில் அதை வாசலில் நின்றே படித்து, வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அவள் அம்மா அப்படித்தான் செய்தாள். கார்டு போய் வாட்ஸ்அப் வந்த பிறகு ராஜியும் அதை விடவில்லை. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று மாலை போட்ட படம் வந்தால் அடுத்த நொடி அழித்துவிடுவாள். செத்தவர் நம்பரையும் சேர்த்து அழித்துவிட்டுக் கையைக் கழுவுவாள்.

“செத்தவங்க போன் வழியா எறங்கி வந்து உன் கிரைண்டர்ல கை விடப் போறாங்களா?” என்று இளங்கோவன் சீண்டுவான்.

“நக்கோங்க. இந்தப் பேச்சே நக்கோ” என்பாள், வேண்டாம் என்பதற்கு அந்த ஊர்ப் பேச்சில்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, கிரி. கச்சிபௌலியில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் ராத்திரி ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தான். வெளிநாட்டுக்காரர்களின் புகாரைப் போனில் கேட்டுக்கொள்ளும் வேலை. ஒரு நாள் அந்தக் கம்பெனி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது, அந்தப் பாதியில் அவனும் இருந்தான். மூன்று மாதம் வீட்டில் சும்மா இருந்தவனுக்கு அமீர்பேட்டையில் ஒரு ஏஜெண்ட் கிடைத்தான். பாங்காக்கில் இதே வேலை, இரண்டு மடங்கு சம்பளம், போவன்பள்ளியிலிருந்து தீபக் என்று ஒரு பையனும் கூட வருகிறான் என்றான். இளங்கோவனுக்கு மனசில்லை. ராஜிதான், “இங்கே குந்திக்கிட்டு என்ன பண்ணுவான், போய்ட்டு வரட்டும்” என்றாள். அந்த வார்த்தையை அவள் பிறகு எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்து நொந்துகொண்டாள்.

இறங்கியதும் ஒரு போன் வந்தது, மறுநாள் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு நம்பர் அடிக்கவே இல்லை. ஏஜெண்டின் ஆபீசில் பூட்டு தொங்கியது.

ராஜி தன் பழைய போன் அடிக்கடி நின்றுபோகிறது என்று மெட்டுகுடாவில் கடை வைத்திருக்கும் ஜேம்ஸிடம் கொண்டுபோனாள். அவன் திறந்து பார்த்துவிட்டு, “இடமே இல்லைக்கா. போன் நிறைஞ்சு கிடக்கு. பூ படம், சாமி படம், காலை வணக்கம், எல்லாம் அடைச்சிக்கிச்சு. மெயில்கூட எறங்கலை” என்றான். அடைப்பை எடுத்ததும் மெயில் மடமடவென்று இறங்கியது. மாவு ஆர்டருக்காகக் கிரி காலேஜில் படிக்கும்போது அம்மாவுக்கு உண்டாக்கிக் கொடுத்த மெயில் அது. ஏதோ வெள்ளைக்காரி பெயரில் ஒன்று இருந்தது. திறந்தால் உள்ளே கிரி தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தான்.

அம்மா, ஏமாத்திட்டாங்க. பாங்காக் இல்லை, ஆத்தைத் தாண்டி வேற நாட்டுக்குள்ள அடைச்சு வெச்சிருக்காங்க. போனைப் பிடுங்கிட்டாங்க. பொம்பளை பேர்ல பேசி ஊர்ப்பட்ட ஜனங்களை ஏமாத்தற வேலை. முடியாதுன்னா அடி. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இந்த ஐடி என் கையில இருக்கும், பார்த்தேன்னு ஒரு வார்த்தை போடு. அப்புறம் வேற வேற பேர்லதான் வருவேன்.

மெயில் அனுப்பி ஐந்தாவது நாள் அது. ஒரு வார்த்தைக்காக ஒரு நாள் முழுக்கத் தன் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், இங்கே பூப்படம் வழியை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ராஜி கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். தில்லிக்கு எழுதினார்கள். கவனத்தில் எடுத்துக்கொண்டோம் என்று பதில் வந்தது. அதே ஸ்டேஷனில் தீபக்கின் அப்பாவும் வந்து நின்றார். போவன்பள்ளி மார்க்கெட்டில் மொத்தத் தக்காளி வியாபாரி. நம்பர் வாங்கிக்கொண்டார்கள். ராஜி அதைத் ‘தக்காளி அப்பா’ என்று சேர்த்துக்கொண்டாள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

இளங்கோவனால் ஆற்றைத் தாண்ட முடியாது. அடைத்து வைத்தவன் சட்டையைப் பிடிக்க முடியாது. அவனால் முடிந்தது ஒரு நல்ல போன் வாங்குவதுதான். ஆகவே அதையே ஒரு தவம் மாதிரி செய்தான். ஒர்க்‌ஷாப்பில் சத்தத்துக்கு நடுவே போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், அவனிடம் இருந்தது பட்டன் போன். வீட்டில் இருப்பவள் ராஜி, போன் அவள் கையில்தான் இருக்கப் போகிறது. ஆனாலும் பார்க்கிறவனையெல்லாம் நிறுத்தி எந்த போன் நல்லது என்று விசாரித்தான். யூனியன் ஆபீசில் கேட்டான், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனைக் கேட்டான். ஒரு வாரம் வேறு பேச்சில்லை. கடைசியில் ராஜியைக் கூட்டிக்கொண்டு ஜேம்ஸ் கடைக்குப் போனான்.

“கேமரா எப்படிண்ணே வேணும்?” என்றான் ஜேம்ஸ்.

“கேமரா கைக்கு? எனக்கு எதுக்கு அது? மெயில் வந்தா மணி அடிக்கணும். அவ்வளவுதான்.”

“எல்லா போன்லயும் அடிக்கும்ணே.”

“எல்லாத்துலயும் அடிக்கும்னா எங்க வீட்ல ஏன்பா அடிக்கலை?”

ஜேம்ஸ் ஒவ்வொரு போனாக எடுத்து வைத்தான். இளங்கோவன் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி மெட்ரோ தூணுக்குக் கீழே போய் நிற்பான். இங்கிருந்து ஜேம்ஸ் மெயில் அனுப்புவான். பஸ், ஆட்டோ, லாரி எல்லாச் சத்தத்துக்கும் நடுவில் கேட்கிறதா என்று அங்கே காதைச் சாய்த்து நிற்பான். கேட்கவில்லை என்றால் தலையை ஆட்டிக்கொண்டே திரும்பி வருவான். கடைக்கு வந்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ராஜிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுஷன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினதாகக்கூட அவளுக்கு ஞாபகமில்லை.

கடைசியில் இரண்டு போன் மிஞ்சின. ஒன்றை எடுத்தான், வைத்தான், மற்றதை எடுத்தான். வாங்கினது கைக்கு மீறினதுதான்.

“கிரி பேரைச் சேர்த்து வெச்சா, அவன் மெயிலுக்கு மட்டும் தனி மணி போடலாம்ணே” என்றான் ஜேம்ஸ்.

“அவனுக்கு ஏது பேரு? ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பொம்பளை பேர்ல வருவான். எல்லாத்துக்கும் அடிக்கட்டும்.”

ஜேம்ஸ் அப்படியே செய்தான். குப்பை மெயில் என்று போன் தானாக ஒதுக்கித் தள்ளாதபடி பார்த்துக்கொண்டான். பழைய போனிலிருந்த கர்னல் வீட்டு நாய் முதல் தக்காளி அப்பா வரை எல்லாரையும் புதிய போனுக்கு மாற்றிக் கொடுத்தான். புறப்படும்போது ராஜியிடம் ஒன்று சொன்னான்.

“வேண்டாத மெயிலை அப்பப்ப அழிச்சிருங்கக்கா. அழிச்சா அது போன்லயே இருக்கற குப்பைத் தொட்டிக்குள்ள போய் உக்காந்துக்கும். தொட்டியையும் காலி பண்ணிடுங்க. இல்லைன்னா மறுபடி இடம் அடைச்சிக்கும்.”

“ஹவ், சரி” என்றாள் ராஜி. அவள் அதை மறப்பாளா?

அன்றிலிருந்து வீட்டில் மணி ஓயவில்லை. கடன் வேண்டுமா என்று ஒரு மெயில், புடவை தள்ளுபடி என்று ஒரு மெயில், யாரோ இன்ஷூரன்ஸ்காரன். ஒவ்வொன்றுக்கும் ராஜி மாவுக் கையோடு ஓடி வருவாள். பார்ப்பாள், அழிப்பாள், தொட்டியையும் காலி செய்வாள். மறுபடி கிரைண்டருக்குப் போவாள். பத்துக்கு ஒன்பது வீண் ஓட்டம் என்று தெரியும். ஆனாலும் அடுத்த மணிக்கும் அதே ஓட்டம்தான்.

ஒரு நாள் அந்தப் பத்தாவது வந்தது. ஜெசிகா என்று யாரோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: மேடம், இந்த வாரம் இரண்டு கிலோ மாவு வேண்டும், புளிப்பு வேண்டாம். சைனிக்புரியில் ஜெசிகா யாரும் இல்லை. புளித்த மாவைத் தொடாத ஆள் ஒருத்தன்தான். ராஜி உடனே, ‘மாவு ரெடி’ என்று பதில் போட்டாள். சாயங்காலம் இளங்கோவன் அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தான். கூட நிற்பவன் படித்தாலும் சந்தேகம் வராதபடி பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்துவிட்டான் என்று அவனுக்கு அவ்வளவு பெருமை. அதே மாதிரி இன்னும் இரண்டு ஆர்டர் வந்தன. பெயர்தான் வேறு வேறு. உயிரோடு இருக்கிறான் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. அது போதும் என்றிருந்தது.

பிறகு அதுவும் நின்றது.

ராஜி காலனி மாரியம்மனுக்கு ஒன்பது வெள்ளிக்கிழமை விரதம் எடுத்தாள். கோயிலில் பூசை செய்யும் அம்மாள் ஒரே ஒரு கட்டளை போட்டாள். இந்த ஒன்பது வாரமும் சாவுத் தீட்டு உன் நிலைப்படி தாண்டக் கூடாது, காதில்கூட வாங்காதே. சும்மாவே அந்த விஷயத்தில் கறாராக இருப்பவள், இப்போது பிள்ளைக்காக என்றால் கேட்க வேண்டுமா? எதிர் வீட்டு மங்களத்தின் மாமியார் செத்தபோது ராஜி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். முப்பது வருஷப் பழக்கம். மங்களம் அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நிறுத்தட்டும் என்று ராஜி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஏழாவது வெள்ளி. இளங்கோவன் யூனியன் கூட்டத்துக்குப் போயிருந்தான். விளக்கை ஏற்றிக் கற்பூரத்தைத் தட்டில் வைக்கும்போது மணி அடித்தது. ஓடி வந்து பார்த்தாள். திரையில் மெயிலின் தலைப்பு மட்டும் ஆங்கிலத்தில் தெரிந்தது. ஸேட் நியூஸ், கிராண்ட்ஃபாதர் எக்ஸ்பயர்ட்.

அவள் அப்பாவும் மாமனாரும் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. யார் வீட்டுத் தாத்தாவோ, யாருக்கோ போக வேண்டியது, விளக்கு எரிகிற நேரம் பார்த்து இங்கே வந்து விழுந்திருக்கிறது. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றியது. திறக்கவில்லை. அழித்தாள். தொட்டியையும் காலி செய்தாள். குழாயடிக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, ஈரப் புடவையோடு மறுபடி விளக்கேற்றினாள். பிள்ளைக்கு வரவிருந்த கெடுதலை வாசலிலேயே மறித்துவிட்டோம் என்று அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள். சீண்டுவானே என்று இளங்கோவனிடம் சொல்லவில்லை.

ஒன்பது வாரமும் முடிந்து பொங்கல் வைத்தாள். அது கழிந்து சில நாளில் தக்காளி அப்பா போன் செய்தார். தீபக் வந்துவிட்டான்.

இருவரும் ஆட்டோ பிடித்துப் போவன்பள்ளிக்குக் கிளம்பினார்கள். ஒருத்தன் வந்துவிட்டான் என்றால் வழி திறந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? ராஜி ஒரு டப்பாவில் பொங்கல் பிரசாதம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

தீபக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த வீட்டின் மாடியில் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாகியிருந்தான். யாராவது சத்தமாகப் பேசினால் தோள் தூக்கிப் போட்டது. தெலுங்கில், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“ஐடியா கிரியோடதுதான் அங்கிள். எங்க மேனேஜருக்குச் சாவுன்னா பயம். வீட்ல சாவு விழுந்தவன் பக்கத்துல உக்காந்தா வியாபாரம் படுத்துடும்னு நம்புவான். எங்களுக்கு முன்னாடி ஒருத்தனை அப்படித்தான் வெளியே தள்ளிட்டான். அதனால எங்க ரெண்டு பேருக்கும் தாத்தா செத்துட்டார்னு சொன்னோம். வீட்லருந்து ஆமான்னு பதில் வரணும்னான். அவனே பக்கத்துல நின்னு மெயில் போட வெச்சான். வேற ஒரு வார்த்தை சேர்க்க முடியலை. மாவுன்னுகூட எழுத முடியலை.”

“எனக்கு ஒண்ணும் புரியலை” என்றார் அவன் அப்பா. “எங்கப்பா செத்து எத்தனையோ வருஷமாச்சு. பிள்ளைக்குப் புத்தி பேதலிச்சிடுச்சுன்னு நினைச்சேன். எதுக்கும் இருக்கட்டும்னு, ஆமா, உடனே அனுப்புங்கன்னு போட்டேன்.” கையிலிருந்த போனைக் காட்டினார். கண்ணாடி குறுக்கும் நெடுக்கும் உடைந்திருந்தது. தக்காளிக் கூடை மேலே விழுந்ததாம்.

“கிரிக்கு?” என்றான் இளங்கோவன்.

தீபக் முழங்காலைக் கட்டிக்கொண்டான். “அன்னைக்கு முழுக்கப் பார்த்தான் அங்கிள். வரலை. பொய் சொன்னான்னு அடிச்சாங்க. மறுநாள் வேற கம்பெனிக்கு வித்துட்டாங்க, மலைக்கு அந்தப் பக்கம். அங்கே போனவங்க யாரும் திரும்பி வந்து நான் பார்க்கலை.”

“அது என்ன கிழமை?” என்றாள் ராஜி.

“அங்கே கிழமையெல்லாம் இல்லை ஆன்ட்டி.”

“சுக்ரவாரம்மா” என்றார் அப்பா. “வெள்ளிக்கிழமை சாயங்காலம். கடையை எடுத்து வைக்கிற நேரம்.”

பிரசாத டப்பா அவள் மடியிலேயே இருந்தது.

திரும்பும் வழியில் இளங்கோவன் வாய் ஓயவில்லை. அவர் போன் உடைந்த போன், அதில் வந்திருக்கிறது, நம்முடையதில் ஏன் வரவில்லை. இதையே மாற்றி மாற்றிச் சொன்னான். ஆட்டோவை வீட்டுக்கு விடாமல் மெட்டுகுடாவுக்கு விடச் சொன்னான். ஜேம்ஸ் கடையில் போனைக் கண்ணாடி மேஜைமேல் ஓங்கி வைத்தான்.

விஷயத்தைக் கேட்டதும் ஜேம்ஸின் முகம் செத்துவிட்டது. தன் போனிலிருந்து ஒரு மெயில் அனுப்பினான். கடையே அதிர மணி அடித்தது. இன்னொன்று அனுப்பினான், அதற்கும் அடித்தது.

“இப்ப அடிக்குது. அன்னைக்கு ஏன் அடிக்கலை?”

“சிக்னல் இல்லாம போயிருக்கலாம்ணே. ஒரு நாள் அப்படி ஆகும். யாரையும் குத்தம் சொல்ல முடியாது.”

இளங்கோவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். “நான்தான் தப்பா எடுத்துட்டேன் ராஜி. அந்த இன்னொரு போனைத்தான் முதல்ல எடுத்தேன், உனக்குத் தெரியும் இல்ல? கையில எடுத்து வெச்சுட்டேன். ஒரு போனைக்கூட ஒழுங்காப் பார்த்து வாங்கத் தெரியலை எனக்கு. அவனைக் கொண்டுபோய் நானே குழியில தள்ளிட்டேன்.”

அவன் அழுது ராஜி பார்த்ததில்லை. இப்போது ரோட்டில் போகிறவர்கள் பார்க்க, தோள் குலுங்க அழுதான்.

சிக்னல் இல்லை என்று ஜேம்ஸே சொல்லிவிட்டான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த மெயில் எங்கேயும் இல்லை. சொல்லிவிட்டால் இந்த மனுஷன் இனி அவள் முகத்தில் விழிப்பானா? பிள்ளையும் இல்லை, புருஷனும் இல்லை என்றாகிவிட்டால் அவளுக்கு யார்? அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிட, அவன் தன் தலையில் அடித்துக்கொள்வதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. சாகும்வரை இதையே சொல்லி அடித்துக்கொள்வான்.

“போன் மேல தப்பு இல்லைங்க” என்றாள். “அது அடிச்சுது.”

அவன் நிமிர்ந்தான்.

“விளக்கு ஏத்திக்கிட்டிருந்தேன். சாவுச் சேதின்னு தெரிஞ்சுது. நான்தான் அழிச்சேன். தொட்டியையும் காலி பண்ணிட்டேன்.”

ஜேம்ஸ் கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டு உள்பக்கம் திரும்பிக்கொண்டான். இளங்கோவன் அவளையே பார்த்தான். கை ஓங்குவான், கத்துவான் என்று ராஜி நின்றாள். ஓங்கினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள். அவன் எதுவும் செய்யவில்லை. குரலே எழும்பாமல் ஒன்று கேட்டான்.

“எந்தப் பேர்ல வந்தான்?”

ராஜி யோசித்தாள். அந்தத் திரை கண்ணுக்குள் அப்படியே நின்றது. சாவு என்கிற வார்த்தையைத் தவிர அதில் எதுவும் தெரியவில்லை.

“பேரைப் பார்க்கலைங்க” என்றாள்.